கம்பாட்டிபிளா என்று கேட்டவர்கள்

எனக்குப் பிடிக்காத வார்த்தைகள் நிறைய உண்டு. அதில் முதலிடம் 'கம்பாட்டிபிளா?' என்ற கேள்விக்குத்தான். எண்பதுகள் முடிந்து தொண்ணூறு தொடங்கிய நேரத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரைச் செய்து வைத்துக்கொண்டு, வாங்க ஆள் வருமா என்று நின்றவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு வார்த்தை எவ்வளவு வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது என்று. வருகிறவர் நாற்காலியில் உட்காரும்போதே, டீ வருவதற்கு முன்பே கேட்டுவிடுவார். எதற்குக் கம்பாட்டிபிள் என்று நான் திருப்பிக் கேட்டால் பத்தில் ஒன்பது பேருக்குப் பதில் தெரியாது. "அதாம்மா, எல்லாரும் வெச்சிருக்காங்களே, அதுக்கு" என்பார்கள்.

விஷயம் இதுதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஒரு மாதிரியில் கம்ப்யூட்டர் செய்தது. அதைப் பார்த்து ஊரெல்லாம் அதே மாதிரி செய்தார்கள். ஒன்றில் ஓடுகிற ஃபிளாப்பி மற்றதிலும் ஓடும். அப்படி ஓடினால் அது கம்பாட்டிபிள். எங்களுடையது அந்த ஜாதி இல்லை. நாங்கள் வேறு பிராசசர் போட்டு, வேறு விதமாகக் கட்டியிருந்தோம். கம்பாட்டிபிளுக்கு ஓர் அளவுக்கு மேல் நினைவகம் இருப்பதே தெரியாது. தெரியவைக்க ஆயிரம் குட்டிக்கரணம் போட வேண்டும். எங்கள் மெஷினுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. தமிழ் எழுத்து முழுவதையும் ஒரு மெமரி சிப்பில் பதித்து உள்ளேயே வைத்திருந்தோம். சுவிட்சைப் போட்டால் திரையில் தமிழ் வரும். கம்பாட்டிபிளில் அன்றைக்கு 'அ' வரவழைக்க ஒரு ஆள் ஒரு வாரம் தவம் இருக்க வேண்டும்.

எங்கள் ஷெட் ஒரு வால்வுப் பட்டறைக்கும் ஒரு ரப்பர் கம்பெனிக்கும் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் இரும்புத் தூள், இன்னொரு பக்கம் ரப்பர் வேகிற நாற்றம். மொத்தம் ஏழு பேர். முதலாளி அரசாங்க ஆராய்ச்சிக்கூட வேலையை உதறிவிட்டு வந்தவர். எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். தகடு வளைத்து மெஷினுக்குப் பெட்டி செய்கிற ஃபிட்டர் திருவேற்காட்டுக்காரர். நான் அவரை அண்ணாத்தே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். நான் சேக்காட்டுக்காரி. ஆவடியில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்து வேலைக்கு வருவேன். படிப்பு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. எங்கள் வீட்டில் வயல் வேலையையும் அப்பாவின் தொழிற்சாலை ஹெல்பர் வேலையையும் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மெஷினில் ஒரு பகுதி முழுக்க முழுக்க என் கைவேலை. அம்பத்தூர் கரண்ட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். காலையில் ஒரு தடவை போகும். பதினோரு மணிக்கு ஒரு தடவை. பக்கத்துப் பட்டறையில் பெரிய மோட்டார் போட்டால் ஒரு நொடி போய்விட்டு வரும். கம்ப்யூட்டருக்கு அந்த ஒரு நொடி போதும். அதுவரை தட்டியதெல்லாம் காணாமல் போய், பிறந்த குழந்தை மாதிரி மறுபடி முதலிலிருந்து கண்ணைத் திறக்கும். நான் செய்த சர்க்யூட் கரண்ட் இறங்குவதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும். அந்த இமைப்பொழுதுக்குள் மெஷின் தான் செய்துகொண்டிருந்த எல்லாவற்றையும் ஒரு ஓரமாகப் பத்திரப்படுத்திவிடும். நினைவகத்தைச் சின்ன பேட்டரி ஒன்று பார்த்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும், பாதியில் நின்ற எழுத்திலிருந்து வேலை தொடரும். ஒரு வருஷம் அதற்காக மண்டையை உடைத்துக்கொண்டேன். சார் அதைப் பார்த்துவிட்டு நேரே வெளியே போய் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கி வந்தார்.

ஆகவே, விற்பனைக்கு ஆள் வந்தால் காட்டுவது என் வேலை. நான் எதையும் விளக்க மாட்டேன். "நீங்களே ஏதாவது தட்டுங்க சார்" என்பேன். தட்டுவார். "இப்ப நீங்களே பிளக்கைப் பிடுங்குங்க." தயங்குவார். கெட்டுப்போனால் தன் தலையில் விழுமோ என்று பயப்படுவார். "பிடுங்குங்க சார், ஒண்ணும் ஆகாது." பிடுங்குவார். மறுபடி சொருகினால் அவர் தட்டிய வரி அப்படியே நிற்கும். சிலர் கை தட்டியிருக்கிறார்கள். ஒருத்தர் நாலு தடவை பிடுங்கிப் பார்த்தார்.

கை தட்டி முடித்த அதே கை அடுத்து சட்டைப் பைக்குள் போகும். ஒரு ஃபிளாப்பி வெளியே வரும்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வாங்க வருகிற ஆபீசர்கள் கையில் ஒரு ஃபிளாப்பி இருந்தே தீரும். அதில் இருப்பது கணக்கோ கடிதமோ இல்லை, ஜாதகம். பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தால் கட்டம் போட்டுக் கொடுக்கிற புரோகிராம். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. மச்சானின் ஆபீசிலிருந்து காப்பி எடுத்தது, சகலை பையனின் காலேஜிலிருந்து காப்பி எடுத்தது என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் பரவி, ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எல்லோரிடமும் ஒன்று இருந்தது. சிலர் அதற்கு ஓரத்தில் மஞ்சள்கூட வைத்திருந்தார்கள். மஞ்சள் பொடி டிரைவுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை சர்வீஸ் பார்க்கிற என்னைக் கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் நல்லதா கெட்டதா என்று பார்க்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே பரீட்சை அதுதான். ஜாதகம் ஓடினால் கம்ப்யூட்டர். ஓடாவிட்டால் தகரப் பெட்டி.

எங்களுடையதில் ஓடாது. எப்படி ஓடும்? வேறு பிராசசருக்கு எழுதியது. அதைச் சொன்னால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். "பாவம், நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா கம்பாட்டிபிள் இல்லியே" என்று எழுந்து போவார்கள். இப்படிப் பதினைந்து பேர் போயிருப்பார்கள். சாரின் முகம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுருங்கும். எனக்குக் கோபம்தான் வரும்.

அப்போதுதான் அந்த ஆர்டருக்கான பேச்சு வந்தது. திருமழிசைப் பக்கம் ஒரு தொழிற்சாலை. ஸ்டோர்ஸுக்கும் ஆபீசுக்குமாக இருபது மெஷின் வேண்டும். சார் எங்களை எல்லாம் உட்கார வைத்து உள்ளதைச் சொன்னார்.

"இது வந்தா நம்ம மெஷின் பொழைக்கும். வரலைன்னா இதோட நிறுத்திக்கலாம். ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெடிமேட் கம்பாட்டிபிள் போர்டு வந்து எறங்குது. வாங்கி, பெட்டியில வெச்சு, ஸ்க்ரூ போட்டுக் கொடுத்தாப் போதும். எல்லாரும் அதைத்தான் பண்றாங்க."

"அப்ப என் சர்க்யூட் சார்?" என்றேன்.

அவர் எழுந்து மெஷினுக்கு உறை போட்டார். அன்றிலிருந்து அந்த ஆர்டர் எனக்கு இருபது மெஷின் விவகாரமாக இல்லை. என் சர்க்யூட் இருக்குமா, போகுமா என்பதுதான்.

தொழிற்சாலையின் பர்ச்சேஸ் ஆபீசர் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. குத்தம்பாக்கம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பம், பேச்சில் ஊர் மணம் போகாத மனிதர். நல்லவர் என்றுதான் சொல்வேன். தட்டச் சொன்னேன், தட்டினார். பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன், தயங்காமல் பிடுங்கினார். வரி நின்றது. "அட!" என்றார். "எங்க கம்பெனில ஒரு நாளைக்கு ஏழு வாட்டி கரண்டு போவுதும்மா. இது நல்லா கீதே!" சாரின் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் பார்த்தேன்.

பிறகு சட்டைப் பைக்குள் கை போனது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. "சார், ஸ்டோர்ஸ்ல இருக்கற நட்டு போல்ட்டுக்கெல்லாம் ஜாதகம் பார்க்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

சார் என்னை முறைத்த முறைப்பில் டியூப்லைட் அணைந்திருக்க வேண்டும். ஆனால் ஆபீசர் சிரித்தார். "தமாசா பேசுறம்மா நீ. ஆனா இன்னா, இது கூட ஓடலைன்னா நாளைக்கு மேல கீறவங்க என்னைக் கேப்பாங்க இல்ல? இன்னா மெஷின் வாங்கினேன்னு?" கொஞ்சம் யோசித்தார். "ஃபிளாப்பி ஓடலைன்னா போவுது. நீங்களே ஜாதகம் போட்டுக் காமிங்க. பத்து நாளு டைம்."

அவர் போனதும் சார் தயக்கமாக என்னைப் பார்த்தார். முடியுமா என்று அவர் கேட்பதற்குள் முடியும் என்று சொல்லிவிட்டேன். இத்தனைக்கும் ஜாதகத்தைப் பற்றி எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அது அடக்கத்துக்காகச் சொல்வது இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் ஜாதகம் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்களுக்குப் பிறந்த நேரத்தை யார் குறித்து வைத்தார்கள்? என் அம்மா பிறந்தது ஒரு நடவுக்கு அடுத்த நாள் என்பது வரைக்கும்தான் எங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்குக்கூட நாங்கள் பொருத்தம் பார்த்தது இல்லை, ஆளைப் பார்ப்போம்.

ஆனால் கிரகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கணக்குதானே. கணக்கு எனக்கு வரும். சென்ட்ரல் பக்கம் பழைய புத்தகக் கடையில் ஒரு வானியல் புத்தகம் கிடைத்தது. பக்கத்துக் கடையில் பஞ்சாங்கம் கேட்டேன். கடைக்காரர் இரண்டு வகை எடுத்துப் போட்டார். இரண்டையும் புரட்டினேன். ஒன்றில் கிரகங்களின் இருப்பு என் புத்தகக் கணக்கோடு ஒத்துப்போனது. இன்னொன்றில் கிரகங்கள் கொஞ்சம் பின்தங்கி நின்றன. ஒத்துப்போனதை வாங்கினேன், தப்பானதை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். தப்பானதை எவன் வாங்குவான் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பத்து நாளும் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தேன். சில மாதம் முன்னால் வந்த சந்திர கிரகணத்தைப் போட்டுப் பார்த்தேன், நிமிஷம் பிசகவில்லை. எங்கள் பிராசசர் அந்தக் கணக்கை எல்லாம் ஊதித் தள்ளியது. கம்பாட்டிபிளில் ஒரு ஜாதகம் போட ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். எங்களுடையதில் பொத்தானை அழுத்தி நிமிர்வதற்குள் கட்டம் வந்துவிடும். அதுவும் தமிழில். அந்தக் காப்பி ஃபிளாப்பி, கிரகங்களின் பெயரை இங்கிலீஷில் இரண்டிரண்டு எழுத்தாகத்தான் போடும்.

பத்தாம் நாள் ஆபீசர் வந்தார். சித்திரை வெயில், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் துணிப்பை, அதற்குள் வீட்டு ஜாதக நோட்டு. தன் பிறந்த நேரத்தைச் சொன்னார், தட்டினேன். திரையில் தமிழில் கட்டம் வந்தது. நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கும்ப ராசி, சரி. நட்சத்திரம், சரி. "பிரிண்டு எடும்மா" என்றார். பிரிண்டர் பாதி பக்கம் போயிருக்கும், நிஜமாகவே கரண்ட் போனது. நான் ஏற்பாடு செய்யவில்லை, சத்தியமாக. ஃபேன் நின்றது, வால்வுப் பட்டறையின் சத்தம் நின்றது. ஐந்து நிமிஷம் எல்லோரும் புழுங்கினோம். கரண்ட் வந்தது. திரையில் கட்டம் அப்படியே வந்து நின்றது. விட்ட வரியை மறுபடி ஆரம்பத்திலிருந்து அடித்து, மீதியையும் அடித்து முடித்தது.

ஆபீசர் அண்ணாத்தேவைத் திரும்பிப் பார்த்து, "இன்னா நைனா இது, மாயமா கீது!" என்றார். சார் ஆர்டர் பேப்பருக்காகப் பேனாவைத் திறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். 

பிறகு அவர் கடைசிப் பக்கத்தைப் படித்தார். அதில் இன்றைய தேதிக்குக் கிரகங்கள் எங்கே இருக்கின்றன என்று போட்டிருந்தேன். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"சனி மகரத்துல கீதுன்னு போட்டிருக்க?"

"ஆமா சார்."

"தனுசுலதானேம்மா கீது?"

"இல்ல சார், பங்குனியிலயே மகரத்துக்கு வந்துட்டாரு."

"அப்ப எனக்கு ஏழரை ஆரம்பிச்சிட்டதுன்றியா?" குரல் உயர்ந்தது. தன் ஃபிளாப்பியில் போட்டு எடுத்த தாளை எடுத்து விரித்தார். "இதப் பாரு. மார்கழி வரைக்கும் எனக்கு டைம் கீது. நம்பித்தான் பொண்ணுக்கு ஆவணில கல்யாணம் முடிவு பண்ணிக்கிறேன்."

நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். "இது தப்பு சார்" என்றேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. கடைசியில் அந்த ஃபிளாப்பியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் அல்லவா?

அண்ணாத்தே என் காதோரம் வந்தார். "தங்கச்சி, நீ எந்தப் பஞ்சாங்கத்த வெச்சுப் போட்ட?"

"சரியா இருந்த பஞ்சாங்கத்தை."

"போச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு கீதும்மா. வானத்தப் பாத்துக் கணிக்கிற திருக்கணிதம்னு ஒண்ணு, பழைய சூத்திரத்த வெச்சுக் கணிக்கிற வாக்கியம்னு ஒண்ணு. இவங்கல்லாம் வாக்கியம். கோயில்ல கூட வாக்கியந்தான். நீ திருக்கணிதத்துல போட்டுகினு வந்து, மனுசன் தலையில எட்டு மாசம் முன்னாலயே சனிய ஏத்தி வுட்டுட்டியே!"

ஜாதகம் இருக்கிற எந்த வீட்டிலும் சின்னக் குழந்தைக்குத் தெரிகிற விஷயம் அது. பஞ்சாங்கமே பார்க்காத வீட்டில் பிறந்த எனக்கு யார் சொல்வார்கள்? சரியான கணக்கு ஒன்றுதான் இருக்கும் என்று நம்பிப் போய் மாட்டிக்கொண்டேன். ஆனாலும் விடவில்லை. சனி வக்கிரமாகிப் பின்னால் நகர்ந்து, ஆனியில் மறுபடி சில மாதம் தனுசுக்கே போகும் என்று சமாதானம் சொன்னேன். எடுபடவில்லை. கடைசியில் பொறுமை போய், "சார், வானத்துல சனி நிஜமா அங்கதான் இருக்கு. டெலஸ்கோப்ல வேணா பார்க்கலாம்" என்றேன்.

அதற்கு அவர் சொன்ன பதிலை நான் இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

"வானத்துல எங்க இருந்தா இன்னாம்மா? எங்க சம்பந்தி பாக்கற பஞ்சாங்கத்துல எங்க கீதோ, அதான் எனக்கு சனி. நான் மட்டும் சரியா பாத்துகினு இன்னா பண்றது? அவுங்களும் நானும் ஒண்ணையே பாத்தாத்தானே கல்யாணம் நடக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவர் சொன்னதில் தப்பில்லை. கம்பாட்டிபிள் என்றால் என்ன என்று அத்தனை பேரைக் கேட்டேனே, பதில் சொன்னவர் இவர் ஒருவர்தான். யாரும் ஒரு மெஷினைத் தனியாக வாங்குவது இல்லை. சம்பந்தி வீட்டோடு சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். மச்சான் ஆபீசின் ஃபிளாப்பி, ஆடிட்டர் ஆபீசின் ஃபிளாப்பி, சைதாப்பேட்டையில் டைப்பிங் கற்றுக்கொண்டு வருகிற பெண், மெஷின் கெட்டால் வருகிற பக்கத்துத் தெரு மெக்கானிக், எல்லோரையும் சேர்த்துத்தான். எங்கள் மெஷின் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் அதற்கு உறவுக்காரர்கள் இல்லை.

புரிந்தது. ஆனால் அடங்கவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். போய் அந்தப் 'தப்பான' பஞ்சாங்கத்தையும் வாங்கி வந்தேன். கடைக்காரர் சிரித்தாரோ என்று சந்தேகம். அந்தக் கணக்கையும் எழுதி உள்ளே போட்டேன். இப்போது மெஷின் முதலில் கேட்கும்: வாக்கியமா, திருக்கணிதமா? ஊரில் எந்த ஃபிளாப்பிக்கும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வாக்கியத்தைத் தப்பு என்று எங்கேயும் போடவில்லை. திருக்கணிதத்தை முதல் வரியில் வைத்தேன், அவ்வளவுதான். அதை மாற்றச் சொல்லி சார் கேட்டார். மாட்டேன் என்றேன்.

ஆபீசர் மூன்றாவது தடவையாக வந்தார். வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தார். சனி தனுசுக்குத் திரும்பிப் போனது. அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "இப்ப சரி" என்று சிரித்து, என்னைப் பார்த்து, "கோச்சுக்காதம்மா, நீ புத்திசாலிதான்" என்றார். கொஞ்ச நேரம் மெஷினைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பையிலிருந்து இன்னொரு ஃபிளாப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது எங்க சம்பளப் பட்டியல். அக்கவுண்ட்ஸ்ல குடுத்தாங்க. இது ஓடுமா?"

ஓடாது என்று தலையை ஆட்டினேன்.

"இதையும் நீயே எழுதிடுவ. தெரியும். அதுக்கு அப்புறம் ஆடிட்டர் ஒண்ணு குடுப்பாரு. அதையும் எழுதுவ. எத்தினி எழுதுவம்மா நீ ஒருத்தி?"

எழுதுவேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சார் கையை உயர்த்தித் தடுத்தார். ஆர்டர் அங்கேயே முடிந்தது. அண்ணாத்தே மட்டும் வெளியே போய், வளைத்து வைத்திருந்த புதுப் பெட்டி ஒன்றை ஓங்கி ஒரு உதை உதைத்துவிட்டு வந்தார். அதில் விழுந்த பள்ளத்தைப் பார்த்து எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனியிலேயே எங்கள் ஷெட் கம்பாட்டிபிள் ஷெட் ஆகிவிட்டது. போர்டு பெட்டி பெட்டியாக வந்தது. ஸ்க்ரூ போட்டோம். சால்டரிங் அயர்னுக்கு வேலையே இல்லை. என் சர்க்யூட் போர்டுகளைக் காக்கிப் பேப்பரில் சுற்றி மூலையில் வைத்தார்கள். நான் வேலையை விட்டுவிடுவேன் என்று சார் பயந்தார். வீட்டில் தம்பி, தங்கை படித்துக்கொண்டிருந்தார்கள். விட முடியாது. ஆனால் ஸ்க்ரூ போடுகிற ஒவ்வொரு மெஷினையும் நான் திட்டிக்கொண்டேதான் போட்டேன். வாடிக்கையாளர் முன்னாலும் திட்டியிருக்கிறேன். "இதை விட நல்லதா ஒண்ணு செஞ்சு வெச்சிருந்தோம், நீங்க யாரும் வாங்கல" என்று சொல்லித்தான் பில்லை நீட்டுவேன். சார் இரண்டு தடவை கண்டித்துவிட்டு, அப்புறம் விட்டுவிட்டார். உள்ளுக்குள் அவருக்கும் அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

இதில் வேடிக்கை, அந்தத் திருமழிசைத் தொழிற்சாலை இருபது கம்பாட்டிபிளையும் எங்களிடமே வாங்கியது. கொண்டுபோய் மாட்டுகிற வேலை எனக்கு. அண்ணாத்தேவும் நானும் வேனில் போனோம். மூன்று நாள் வேலை. மூன்றாம் நாள் காலை எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையாக உட்கார்ந்து ஸ்டோர்ஸ் கிளார்க்குகள் சரக்குப் பட்டியலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணிக்குக் கரண்ட் போனது.

இருபது திரைகளும் ஒரே நேரத்தில் இருண்டன. காலையிலிருந்து தட்டியது எல்லாம் போயிருக்கும். யாராவது கத்துவார்கள், ஆபீசரைக் கூப்பிட்டு இது என்ன மெஷின் என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், ஆசையோடு காத்திருந்தேன்.

ஒருத்தர்கூடக் கத்தவில்லை. "உனக்கும் போச்சா?" என்றார் ஒருவர். "எல்லாருக்குந்தான் போச்சு" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். சிரித்துக்கொண்டே எழுந்து டீக்குப் போனார்கள்.

அங்கே நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்க முடியவில்லை. எங்கள் மெஷினில் ஒரே ஒரு ஃபிளாப்பி ஓடவில்லை என்றதும் அது எங்கள் குற்றம். இதில் இருபது பேரின் காலை வேலை மொத்தமும் காணாமல் போனால் அது யார் குற்றமும் இல்லை. மழை வந்து துணி நனைந்த மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து தோற்பதற்குப் பெயர்தான் நம்பகமான மெஷின் போலிருக்கிறது.

ஆபீசர் வந்தார். இருட்டுத் திரைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் இருந்தது.

"ஏம்மா, கரண்டு போனாலும் நிக்கும்னு ஒண்ணு செஞ்சு வெச்சிருந்தியே. அத மட்டும் இதுங்கள்ல வெச்சுக் குடுத்துரேன்."

"முடியாது சார்."

"ஏன், கோவமா?"

"கோவந்தான். ஆனா அதுக்காக இல்ல. இந்த மெஷினைக் கட்டின விதமே வேற. இதோட மெமரி கரண்ட் போனா மறந்துடும். மறக்கற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. நீங்க கேட்டு வாங்கினது இது."

நான் இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டை எடுத்தேன். மெஷின்கள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தன, ஓடுகின்றன என்று அச்சடித்த தாள். கீழே குறிப்பு என்று இரண்டு கோடு காலியாக இருக்கும். அதில் யாரும் எதுவும் எழுதுவது கிடையாது. நான் எழுதினேன், தமிழில், பெரிய எழுத்தில்: 'கரண்ட் போனால் எல்லாம் போகும். வாங்குபவருக்கு முன்பே தெரியும்.' இருபது மெஷினுக்கும் இருபது தாள். இருபதிலும் எழுதினேன். எழுதி முடிக்க நேரமாயிற்று. அவர் நகரவில்லை, நானும் அவசரப்படவில்லை. பிறகு பேனாவை அவரிடம் நீட்டினேன்.

அண்ணாத்தே என் கையைப் பிடித்து இழுத்தார். "வேணாம் தங்கச்சி, வேலை போயிரும்." நான் நீட்டிய கையை மடக்கவில்லை.

ஆபீசர் முதல் தாளைப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். எங்கள் சாருக்குப் போன் போட்டு என் சீட்டைக் கிழிக்க வைப்பார் என்று நினைத்தேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இது எல்லா கம்பெனிலயும் இப்படித்தானேம்மா?"

"எல்லா கம்பெனிலயும் இப்படித்தான் சார்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இருபது தாளிலும் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். அவரை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த நிம்மதியை இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.